குந்தாத ஜீப்

வாகனப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். எண்ணெய் எப்போது மாற்றுவது, எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்பதெல்லாம் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் நான் என்ன சொல்வது? பிறகு, நீங்கள் ஓட்டப்போகும் வண்டிகளுள் அந்தப் பழைய அம்புலன்ஸ் ஜீப்பும் ஒன்று என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனம் படித்தவள். கண்ணிவெடி அகற்றும் எங்கள் நிறுவனத்தில் வாகனங்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். இரண்டு பிள்ளைகளின் தாய். மூத்தவன் நிரூபன் உங்களோடுதான் சாரதியாக இருக்கிறான். அவனைக் கேட்டால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்வான். எனக்கு அது இன்னும் முடியவில்லை. ஓய்வு பெறும் வயது எனக்கு வரவில்லை. வண்டிகள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவன் ஓட்டுவது எது என்றுதான் முதலில் பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பார்க்கிற ஒருத்தி அந்தக் கதிரையில் இருக்கக் கூடாது என்று எழும்பிவிட்டேன்.

முதலில் ஜீப்பைப் பற்றி.

அதன் பின்பக்கத்தில் முன்பு ஸ்பிரிங் தகடுகள் மட்டும்தான் இருந்தன. தூக்குப்படுக்கை, ஒட்சிசன் சிலிண்டர், ஆட்கள் எல்லாம் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் நிமிரும். ஸ்ரியறிங் கையில் இலேசாகிவிடும். முன்விளக்கு வீதியை விட்டுப் பனை உச்சியைப் பார்க்கும். வெறுமையாக ஓடினால் அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு கிடங்கிலும் பள்ளத்திலும் வண்டி துள்ளும், உள்ளே படுத்திருப்பவர் முனகுவது சாரதிக்குக் கேட்கும். அதனால்தான் பின் அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு றப்பர் காற்றுப் பைகளைப் பூட்டினோம். கூடவே ஒரு சிறு பம்பும் ஒரு வால்வும், முன்னால் பம்பை நாங்களே இயக்கவும் நிறுத்தவும் ஒரு சுவிட்சும், காற்றை வெளியே விட ஒரு திருகும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் வால்வு தானாகவே பம்பை இயக்கிப் பைகளுக்குள் காற்றை விடும். பாரம் இறங்கினால் காற்றை வெளியே விடும். எதை ஏற்றினாலும் இறக்கினாலும் வண்டி ஒரே உயரத்தில் நிற்கும். வவுனியாவில் பூட்டிக்கொண்டு வந்தோம். சாரதிகள் அதற்குப் 'பலூன்' என்று பெயர் வைத்தார்கள்.

அம்புலன்ஸ் உதவியாளராக இருந்த மரியதாஸ், எங்களுக்குத் தாஸ், முதல் நாளே குனிந்து அந்தப் பைகளைத் தட்டிப் பார்த்தார். அவருடையது முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த குடும்பம். எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார்.

"அக்கா, இது வெடிச்சா நாங்கள் பறப்பமோ?"

"பறக்க மாட்டியள். பழையபடி தகட்டில இருப்பியள்."

"அப்ப இவ்வளவு காலமும் வெடிச்ச வண்டிலதானே ஓடினனாங்கள். அதுக்கே சம்பளத்தைக் கூட்டியிருக்கலாம்."

பலூன் நன்றாகவே வேலை செய்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, அதைக் கழற்றி எறிய வேண்டும் என்று யாரும் எண்ணக் கூடாது. இடுப்பு முறிந்த ஒருவரைக் காட்டுப்பாதை வழியே கொண்டுவந்து சேர்த்தபோது, அவர் வழியில் கொஞ்சம் கண்ணயர்ந்ததாகத் தாஸ் சொன்னார். அந்த வண்டிக்குள் யாரும் கண்ணயர்ந்ததை அதற்கு முன்பு நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் கவனிக்காதது வேறொன்று. இந்தப் பக்கத்தில் ஏற்றும் பாரத்தை யாரும் நிறுப்பதில்லை. நெல்லோ விறகோ மணலோ, ஏற்றிக்கொண்டே இருப்போம். ஒருவர் பின்னால் தள்ளி நின்று வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பார். அது தாழ்ந்து போனால், "குந்திற்று, காணும்" என்பார். அதோடு நிறுத்திவிடுவோம். அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். தகடு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு பாரம். கண்ணுக்குத் தெரிகிற தராசு அது. பலூன் பூட்டிய அன்று அந்தத் தராசை நாங்கள் கழற்றிவிட்டோம். பின்பக்கத்தைப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் கழற்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிரூபன் தானாக விண்ணப்பித்து வேலைக்கு வந்தவன். சேர்ந்த நாளில் அவனுக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பட்டறை வாசலுக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது. எல்லாரையும் போல அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். மற்றச் சாரதிகள் இதைச் சும்மா விடவில்லை.

"தம்பி, அக்கா இண்டைக்கு என்ன கறி வைச்சவா?"

"உங்கட அக்காதானே அண்ணை, நீங்களே கேளுங்கோ" என்பான்.

போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்த கிழமை அது. வெடி அகற்றும் வேலை நின்றிருந்தது. இரணைமடுக் குளத்தின் வெள்ளம் வடியும் வான் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று, எங்கள் பட்டறை இருக்கும் பரந்தன் சந்தியில் குடையோடு நின்றவர்கள் கதைத்துக்கொண்டார்கள். தாழ்ந்த இடங்களிலிருந்து குடும்பங்களை ஏற்ற வண்டி தர முடியுமா என்று கேட்டு ஊர் ஆட்கள் வந்தபோது, தூக்குப்படுக்கையைக் கழற்றிவிட்டு அம்புலன்ஸ் ஜீப்பையும் அனுப்பினோம். வால்வு வழமையை விடக் கூடச் சீறுகிறது என்று நிரூபன் சொன்னதால், பார்க்கலாம் என்று நானும் ஏறினேன். பின்னால் தாஸ்.

தர்மபுரத்துக்கு உள்ளே, ஒரு சிறு குளத்தின் கீழ் இருந்தது அந்த ஊர். வயல் வழி வீதி தண்ணீருக்குள் போய்விட்டது. குளக்கட்டின் மேல் வழி மட்டும் மிச்சம். விடியலிலிருந்து போய்ப் போய் வந்து, கடைசியாக மிஞ்சியது ஒரு குடும்பம். யோகன் என்ற விவசாயி, அவருடைய மனைவி சுதா, இன்னும் தலை நிற்காத ஒரு பெண் குழந்தை.

யோகன் வாசலில் விதைநெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"அண்ணை, ஆக்கள் முதல் ஏறுங்கோ. நெல்லுக்குப் பிறகு வருவம்" என்றான் நிரூபன்.

"பிறகு வாறதுக்கு ரோட்டு இருக்குமோ தம்பி? விதைச்சது முழுக்கத் தண்ணிக்குள்ள. இதுவும் போச்செண்டா, வத்தினாப்பிறகு நான் எதை விதைக்கிறது? மண்ணையோ?"

மூட்டைகளை ஏற்றத் தொடங்கினோம். உள்ளே இரு பக்கமும் ஆட்கள் இருக்கும் நீள வாங்குகள். இடப்பக்க வாங்கைச் சுதாவுக்கு விட்டுவிட்டு, வண்டியின் தரையிலும் வலப்பக்க வாங்கிலும் அடுக்கினோம். தாஸ் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

"குந்தேல்ல. இன்னும் ஏத்தலாம்."

ஒவ்வொரு மூட்டைக்கும் கீழே பம்ப் முனகியது. பின்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்து, மறுபடி எழும்பி நின்றது.

"என்ன வண்டிலப்பா இது" என்றார் யோகன். "திண்டுகொண்டே இருக்குது, வயிறு தெரியேல்ல."

"அப்ப என்ர தையல் மெசினையும் ஏத்துங்கோவன்" என்றார் சுதா உள்ளேயிருந்து.

அதையும் ஏற்றினோம். வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தது போல இருந்தது. முற்றம் சரிவு என்று நினைத்துக்கொண்டோம். அங்கு நின்ற எல்லாரும் பின்பக்கத்தைத்தான் பார்த்தோம், நானும் உட்பட. வண்டி நிமிர்ந்து, அழகாக நின்றது. பாரமோ எங்கும் போய்விடவில்லை. அச்சின் மேலும், சக்கரத்தின் மேலும், சக்கரத்துக்குக் கீழே ஊறிக் கிடந்த மண்ணின் மேலும் அது அப்படியே இருந்தது.

குளக்கட்டில் யோகன் ஒரு தடியோடு முன்னால் நடந்து வழி காட்டினார். தாஸ் பின்னால் நடந்து வந்தார். வண்டிக்குள் நிரூபன், நான், பின்னால் குழந்தையோடு சுதா. வலப்பக்கம் குளம் விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. இடப்பக்கத்து வயல்கள் இன்னொரு குளம் போலத் தெரிந்தன. தண்ணீர் திறந்துவிடும் துருசை நோக்கிக் கட்டு கொஞ்சம் இறக்கமாகப் போகும். அந்த இறக்கத்தில்தான் நடந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வலது பின்சக்கரத்துக்குக் கீழே மண் இளகிப் போனது. அவ்வளவுதான். வண்டி ஒரு பெருமூச்சு விட்டதைப் போல வலப்பக்கம் சரிந்தது. சாரதி ஆசனம் அந்தப் பக்கம். நிரூபனின் யன்னலில் வானம் இல்லாமல் போனது. கண்ணாடி நிறையக் குளத்துத் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

பிரேக்கை மிதித்துவிட்டான். கைப்பிரேக்கை இழுத்தான். காலையிலிருந்து சேற்றிலும் தண்ணீரிலும் ஓடிய வண்டி, அது பிடிக்கவில்லை. காலை எடுத்தால் வண்டி இறக்கத்தில் நகரும். நகர்ந்தால் மீதி மண்ணும் போகும்.

அப்போது எங்களுக்குக் கீழே ஒரு சீறல் கேட்டது. பம்பும் ஓடத் தொடங்கியது.

"அக்கா, வலப்பக்கம் இருந்திட்டுது. இன்னும் காத்து அடிக்கட்டே?" அவனுடைய விரல் சுவிட்சில் இருந்தது. அந்த நேரத்திலும் அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

தாழ்ந்த பக்கத்தை உயர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அந்தச் சீறல் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த இரண்டு பைகளுக்கும் ஒரே குழாய். வண்டி சரிந்ததும் வலது பை நசுங்கியது. அதற்குள் இருந்த காற்று குழாய் வழியே இடது பைக்குப் போனது. இடது பை ஊதி, உயர்ந்து நின்ற பக்கத்தை இன்னும் உயர்த்தியது. காற்று இலகுவான பக்கத்துக்குத்தான் போகும். இப்போது அடிக்கிற காற்றும் அங்கேதான் போகும். சரிந்துகொண்டிருக்கும் வண்டியை நாங்களே கவிழ்ப்பதற்கு அது சமம்.

"வேண்டாம். பம்பை நிப்பாட்டு. கையை எடு. பிரேக்கில மட்டும் இரு."

காற்றை வெளியே விடுகிற திருகு என் முழங்காலுக்கு முன்னால் இருந்தது. அதை ஒரேயடியாகத் திறக்க விரல் துடித்தது. ஒரேயடியாகத் திறந்தால் வண்டி குலுங்கும். கொஞ்சம் திறந்தேன், பொறுத்தேன், இன்னும் கொஞ்சம் திறந்தேன். இடப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. நிரூபனின் யன்னல் மேல்விளிம்பில் ஒரு கீற்று வானம் வந்தது. அந்தக் கீற்றைப் பார்த்துக்கொண்டே திருகைத் திருப்பினேன். பைகள் வெறுமையாகி வண்டி தகட்டில் இருந்தபோது, கீற்று ஒரு கை அகலம் ஆகியிருந்தது.

இது முதல் முடிவு. இதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் சஞ்சலம் இல்லை.

இரண்டாவது முடிவு வேறு மாதிரி. யோகன் தடியை எறிந்துவிட்டு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார்.

"சுதா, பிள்ளையோட இறங்கு! கெதியா!"

"இறங்க வேண்டாம்!" என்று கத்தினேன்.

சுதா இடப்பக்க வாங்கில் இருந்தார். உயர்ந்த பக்கம் அது. வலப்பக்கம் முழுக்க நெல். இடப்பக்கத்தைக் கீழே பிடித்துவைத்திருந்த பாரம் இரண்டே இரண்டு. முன்னால் நான், பின்னால் சுதா. அவர் இறங்கினால் மூட்டைகள் வெல்லும்.

"பிள்ளையை மட்டும் யன்னலால குடுங்கோ. பிள்ளைக்குப் பாரமில்லை. நீங்கள் அப்பிடியே இருங்கோ தங்கச்சி. தாஸ், வலப்பக்க மூட்டையளை இழும்."

யோகன் இடப்பக்க யன்னலால் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகுதான் நான் சொன்னது அவருக்கு உறைத்தது.

"உங்களுக்கு விசரோ அக்கா? நெல்லை இறக்கச் சொல்லுறியள், மனிசியை உள்ளுக்க இருத்தி வைக்கிறியள்?"

"அவா இறங்கினா வண்டில் அங்கால போயிடும் தம்பி. அவாதான் இந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறா."

"நான் இடப்பக்கம் தொங்கட்டே அக்கா? வள்ளம் சரிஞ்சா அப்பிடித்தான் செய்யிறது" என்றார் தாஸ்.

"நீர் தொங்கினா மூட்டையை ஆர் எடுக்கிறது?"

யோகன் மறுபடி ஏதோ கத்தக் கதவருகில் வந்தார். அவரை அடக்கியது நான் அல்ல. உள்ளேயிருந்து சுதாதான் சொன்னார்: "இஞ்சாருங்கோ, பிள்ளை நனையுது. தள்ளிக் கொண்டுபோங்கோ."

தாஸ் நிலத்தில் நின்றபடி மூட்டைகளின் காதைப் பிடித்து இழுத்தார். எட்டாதவற்றைச் சுதா, இருந்த இடத்தை விட்டு அசையாமல், ஒரு காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார். கட்டின் விளிம்பில் அடுக்கினால் விளிம்பு தாங்காது என்பதால் எல்லாவற்றையும் வயல் பக்கம் எறிய வேண்டியிருந்தது. சில கைதவறிக் குளத்துப் பக்கக் கற்களில் உருண்டு தண்ணீருக்குள் போயின. தையல் மெசினும் அப்படித்தான் போனது. அது போனபோது சுதா, "ஐயோ" என்று ஒரு தரம் சொன்னார். நெல்லுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி விதைக்க என்று வைத்திருந்த நெல்லைத் தன் காலாலேயே தள்ளிக்கொண்டிருந்தார்.

வலப்பக்கம் வெறுமையானதும், "இப்ப ஆறுதலா, மெல்ல இறங்குங்கோ" என்றேன். இறங்கினார். வண்டி கொஞ்சம் முனகியது, ஆனால் நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமல் குழந்தையிடம் போனார்.

உழவு இயந்திரம் ஒன்றைக் கூட்டிவர யோகன் பிரதான வீதிப் பக்கம் ஓடினார். தாஸ் கற்களைத் தூக்கிவந்து சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் நானும் நிரூபனும் மட்டும். அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. நான் என் பக்கத்தை விட்டு எழும்ப முடியாது.

"நீங்கள் இறங்குங்கோ அக்கா."

"நான் இறங்கினா நீ அங்கால."

"அப்ப அந்த அக்காவை மாதிரி உங்களையும் இருத்தி வைச்சாச்சு."

"ஓம்."

மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அவனுடைய தொடை நடுங்குவதைக் கண்டேன். பார்க்காதது போல முன்னால் பார்த்தேன்.

"கால் விறைக்குது."

"மற்றக் காலை மேல வை. மாத்தாதை. மேல வைச்சு அமத்து."

வைத்தான். நடுக்கம் குறைந்தது.

"அக்கா, பட்டறை வாசல் பரந்தனிலதானே கிடக்கு?"

"அதுக்கு?"

"இப்ப அம்மா எண்டு கூப்பிடலாமோ?"

"கூப்பிடு."

"அம்மா, எனக்கு மூத்திரம் முட்டுது."

"அடக்கு."

"சின்ன வயசிலயும் இதைத்தான் சொன்னனீங்கள்."

நான் சிரித்தேன். சிரித்ததில் வண்டி ஆடிவிடுமோ என்று பயந்து உடனே நிறுத்தினேன். அதைக் கண்டு அவன் சிரித்தான். இந்த இடத்தைத்தான் அவன் எல்லாருக்கும் சொல்லிக்காட்டுவான்.

உழவு இயந்திரம் வந்தது. சட்டத்தின் இடப்பக்கத்தில் சங்கிலி போட்டு, அது இறுகி வண்டியைப் பிடித்த பிறகுதான் நான் இறங்கினேன். நிரூபன் உள்ளே இருந்தே ஸ்ரியறிங்கைப் பிடித்தான். சக்கரம் மேலே ஏறிக் கட்டின் நடுவுக்கு வந்ததும், அவன் கதவைத் திறந்து யாரையும் பார்க்காமல் வயல் பக்கம் ஓடினான். தாஸ் கைதட்டினார்.

இப்போது உங்கள் கைக்கு வருகிற ஜீப்பில் இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனித் திருகு. ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் போக வழியில்லை. ஆனால் குழாயை மாற்றியதோடு பிழை போய்விடவில்லை. ஏற்றுவதற்கு முன் பம்பை நிறுத்தி, பைகளிலிருந்து காற்றை முழுவதும் வெளியே விடுங்கள். வண்டி வெறும் தகட்டில் நிற்கட்டும். பிறகு ஏற்றுங்கள். ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். குந்திவிட்டால் நிறுத்துங்கள். அதன் பிறகு காற்றை அடித்து நிமிர்த்துங்கள். ஏற்றிய பாரத்தோடு ஒழுங்காக ஓடுவதற்குத்தான் அந்தக் காற்று. இன்னும் ஏற்றலாம் என்று அது சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே ஆட்கள் நின்று, "குந்தேல்ல, ஏத்துங்கோ" என்று அவசரப்படுத்துவார்கள். அவர்களுடைய அவசரம் உண்மையான அவசரமாகவே இருக்கும். அன்றைக்கு யோகனுடையது பொய்யா? அப்படி இருக்கும்போதுதான் காற்றை வெளியே விட்டுவிட்டு ஏற்றுவது கடினம். ஆட்கள் எந்தப் பக்கம் இருப்பார்கள், சாமான் எந்தப் பக்கம் என்பதையும் நிலத்தில் நிற்கும்போதே யோசியுங்கள். சரிந்த பிறகு அதை யோசிக்கிற இடத்தில் நான் இருந்தேன். நீங்கள் இருக்க வேண்டாம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் ஏன் வேலையை விட்டேன் என்பதற்கு இது பதில் ஆகாது.

தண்ணீர் வற்றி எல்லாரும் வீடு திரும்பிக் கொஞ்சக் காலத்தின் பின், பஸ் எடுத்து அந்த ஊருக்குப் போனேன். நிரூபனுக்குச் சொல்லவில்லை. யோகன் பக்கத்து ஊரில் கேட்டு வாங்கிய நெல்லை விதைத்திருந்தார். மற்ற வயல்களை விட அவருடைய பயிர் கட்டையாக நின்றது. அவர் வயலில் இருந்தார். வீட்டில் சுதாவும் குழந்தையும். சுவரில் வெள்ளம் நின்ற கறை இன்னும் தெரிந்தது.

சுதா கதிரை எடுத்துப் போட்டார். கொஞ்சம் பயிரைப் பற்றிக் கதைத்தோம். பிறகு அவர் கேட்டார்:

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ."

"டிரைவர் உங்கட மகன் எண்டு எங்களுக்குப் பிறகுதான் தெரியும். வேற ஆரும் அந்தச் சீற்றில இருந்திருந்தாலும் என்னை இருத்தி வைச்சிருப்பீங்களோ?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இவ்வளவு காலமும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன் என்று அப்போது தெரிந்தது. வலப்பக்கம் எவ்வளவு நெல், இடப்பக்கம் யார் யார் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் இறங்கியிருந்தால் அவர் இறங்குகிற அந்த நேரத்திலேயே வண்டி போயிருக்கும், அவரும் சேர்ந்து போயிருப்பார் என்று சொன்னேன். அது உண்மை.

"கணக்கு எனக்கு விளங்குது அக்கா. நான் அதைக் கேக்கேல்ல."

வாசலில் ஒரு கோழி ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"வேற ஆள் எண்டாலும் அதைத்தான் செய்திருக்க வேணும்" என்றேன். "செய்திருப்பனோ எண்டு தெரியேல்ல தங்கச்சி. உங்களை இருங்கோ எண்டு சொல்லேக்க நான் உங்களைப் பாக்கேல்ல. அவன்ர யன்னலைத்தான் பாத்தனான்."

சுதா தலையாட்டினார். மன்னித்தது போலவும் இல்லை, கோபித்தது போலவும் இல்லை.

"நானும் உங்கட சொல்லுக்காக அங்க இருக்கேல்ல" என்றார். "பிள்ளை வெளியில போயிட்டாள். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் பெரிசாத் தெரியேல்ல. இறங்கோணும் எண்டும் தோணேல்ல, இருந்தனான்."

அடுத்த கிழமை அலுவலகத்தில் போய், நான் விலகுகிறேன் என்று சொன்னேன். என் பிள்ளை ஓட்டுகிற வண்டியில் மற்றவர்களுடைய பிள்ளைகளும் ஏறுகிறார்கள். அங்கே யாரை இருத்துவது, யாரை இறக்குவது என்று சொல்லும் கதிரையில் என்னால் நேராக இருக்க முடியாது. நிரூபன் தான் விலகுவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அவன் நல்ல சாரதி. கால் விறைத்தும் எடுக்காதவன்.

உங்களுள் யாருக்காவது இப்படி ஒரு நாள் வந்தால், அந்த நேரத்தில் கணக்கைப் பாருங்கள், கணக்குச் சொல்வதைச் செய்யுங்கள். பிறகு, எல்லாரும் தப்பிய பிறகு, நீங்கள் இருத்தி வைத்தவரிடம் ஒருதரம் போங்கள். நான் பிந்திப் போனேன்.

அன்றைக்குச் சுதா எழும்பி, "இவளைக் கொஞ்சம் வைச்சிருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். தலை நன்றாக நிற்கத் தொடங்கியிருந்தது. கொழுத்த பிள்ளை. என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். பாரமில்லை என்று நான் கத்தி யன்னலால் வாங்கச் சொன்ன பிள்ளை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய பாரத்தில் என் கை உளையத் தொடங்கியது. தேத்தண்ணி வந்தது. பிள்ளையை வாங்கச் சுதா கையை நீட்டினார். "இருக்கட்டும்" என்றேன். தேத்தண்ணி ஆறிப்போனது.